வெள்ளத் தடுப்புச் செலவு: 65:35-இல் அந்த 35 யார் தலையில்?

அமெரிக்க நகரம் ஒன்று வெள்ளத் தடுப்புக்குப் பணம் தேடினால் இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. ராணுவப் பொறியாளர் படையோடு கரை கட்டினால் மத்திய அரசு 65%, உள்ளூர்த் தரப்பு 35%. மத்திய அரசின் பேரிடர் முகமையான ஃபெமாவின் பேரிடர் தணிப்பு மானியத்தில் 75:25. எண்ணை மட்டும் பார்த்தால் ஃபெமாதான் லாபம். ஆனால் அந்தப் பணம் பெரும் பேரிடர் அறிவிக்கப்பட்ட பிறகுதான் வரும். வீடுகளை உயர்த்த, வாங்கி இடிக்க உதவும், மைல்கணக்கில் கரை எழுப்ப உதவாது. வாங்கிய மனை என்றைக்கும் வெற்றிடமாகவே கிடக்க வேண்டும், சொத்துவரியும் போச்சு.

கரை என்றால் பொறியாளர் படைதான். 1986-ஆம் ஆண்டு மத்திய நீர்வளச் சட்டத்தில் 25% ஆக இருந்த குறைந்தபட்ச உள்ளூர்ப் பங்கு 1996-இல் 35% ஆனது; உச்சவரம்பு 50%. இதில் 5% ரொக்கமாகவே கட்டியாக வேண்டும். நிலம், வழியுரிமை, குழாய் மாற்றம், மண் கொட்டும் இடம் எல்லாம் உள்ளூர்த் தரப்பின் பொறுப்பு. இவற்றின் மதிப்பு அந்த 35% பங்கில் கழியும். 10 கோடி டாலர் திட்டத்தில் இந்த நிலவகைச் செலவு 2 கோடி என்றால், 50 லட்சம் கட்டாய ரொக்கம் போக இன்னும் 1 கோடி கட்டினால்தான் 35% நிறையும்.

இடறுவது இங்கேதான். 12 அங்குலக் குழாயை மாற்றும் சாக்கில் 24 அங்குலம் போட்டால் கூடுதல் செலவு கழியாது. ஒப்பந்தத்துக்கு முன் அவசரப்பட்டுச் செய்த வேலைக்கும் பெரும்பாலும் வரவு கிடைக்காது.

அந்த 35%-ஐ மாநிலமும் உள்ளூரும் எப்படிப் பிரிப்பது? கலிபோர்னியாவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலம் அதில் பாதி ஏற்கும். காட்டுயிர் வாழிடம், திறந்தவெளி, பொழுதுபோக்கு போன்ற கூடுதல் பயன்கள் இருந்தால் 70% வரை. மேலே சொன்ன திட்டத்தில் உள்ளூர்ச் சுமை 1.75 கோடியிலிருந்து 1.05 கோடியாக இறங்கும். வாழிடத்துக்கென வடிவமைப்பை மாற்றுவது வீண்செலவு என்று முகம் சுளிக்கும் பொறியாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கலிபோர்னியாவின் நடுவிலுள்ள மத்தியப் பள்ளத்தாக்கில் மாநில வெள்ளத் தடுப்பு வாரியமே முதல் கையெழுத்துப் போடும் கூட்டாளி. அதற்கு வெளியே உள்ளூர் அமைப்பு முதலில் செலவழித்துவிட்டு மாநிலத்திடம் திரும்பக் கேட்க வேண்டும். மாநில பட்ஜெட் இறுகினால் பாக்கி தேங்கும். கையில் இருப்பு இல்லாத சிறு உள்ளூர் அமைப்புக்கு, என் பார்வையில், முன்பணம் தரும் 50% தாமதமாக வரும் 70%-ஐவிட மேல்.

கட்டி முடித்தபின் பராமரிப்பு முழுக்க உள்ளூர்த் தரப்பின் செலவு. அதற்குச் சொத்துக் கட்டணம் விதிக்க, கலிபோர்னியாவில் வாக்காளர்கள் 1996-இல் நிறைவேற்றிய 218-ஆம் முன்மொழிவுப்படி உரிமையாளர்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். அவரவர் கட்டணத்தின் அளவே வாக்கின் எடை. பெரிய கிடங்குக்காரர் ஒருவர் மறுத்தால் நூறு வீட்டுக்காரர்களின் சம்மதமும் போதாமல் போகலாம்.

கரை உடைந்தால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு என்பது தனிக் கணக்கு. 1986-இல் கலிபோர்னியாவின் லிண்டா என்ற ஊரில் கரை உடைந்த வழக்கில் 2003-இல் நீதிமன்றம் மாநிலத்தையே பொறுப்பாக்கியது; சமரசம் 46 கோடி டாலரைத் தாண்டியது. அதன்பின் 2007-இல் வந்த சட்டம், வெள்ளப் பகுதியில் நியாயமின்றிப் புதுக் கட்டுமானத்தை அனுமதிக்கும் நகரமும் கவுண்டியும் (மாவட்ட நிர்வாகம்) இழப்பீட்டில் பங்கு தர வேண்டும் என்கிறது.