அரக்கு இசைத்தட்டுக்கு ஸ்பின்-கிளீன் சரிப்படுமா?

ஒரு நீள்தொட்டி, தட்டைத் தாங்க இரண்டு உருளைகள், இருபுறமும் தேய்க்க ஒரு ஜோடி வெல்வெட் பட்டைகள், ஒரு குப்பி திரவம். ஸ்பின்-கிளீன் என்ற இசைத்தட்டு கழுவும் கருவி இவ்வளவுதான்; மோட்டார் இல்லை, உறிஞ்சும் குழாய் இல்லை. எல்.பி. எனும் வினைல் தட்டுக்கு இது போதும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுக்கு (78 தட்டு) இதைப் பாதி வேலைக்குத்தான் நம்பலாம்.

முதலில் நல்லது. இதன் திரவத்தில் ஆல்கஹால் கிடையாது. அரக்கை ஆல்கஹாலில் கரைத்துத்தான் மரச்சாமானுக்குப் பாலிஷே செய்கிறார்கள், எல்.பி. கழுவும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலவை பட்டால் தட்டின் பளபளப்பும் அதோடு காடியின் (ஊசி ஓடும் பள்ளத்தின்) சுவரும் போய்விடும். அமோனியா, சலவைச் சோடா போன்ற காரங்களும் அரக்கைக் கரைக்கும் என்பதால் கண்ணாடி துடைக்கும் திரவங்களும் வேண்டாம். அடுத்து, உருளைகளை 7, 10, 12 அங்குலத் தட்டுக்கு ஏற்ப மாற்றி வைக்கலாம். 78 தட்டுகளில் பெரும்பாலானவை 10 அங்குலம். அதற்குத் தனி இடம் இருப்பது பெரிய வசதி.

குறை வெல்வெட் பட்டையில் இருக்கிறது. 78 தட்டின் காடி எல்.பி. காடியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதன் அடியில் கிடப்பது வெறும் தூசி அல்ல: எஃகு ஊசி தேய்ந்த பொடி, தட்டிலிருந்தே உரசி வந்த கனிமத் தூள், பல வருட எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து இறுகிய கசடு. வெல்வெட் மேற்பரப்பைத்தான் நன்றாகத் துடைக்கும். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இறுகிய கசடு அசையாது.

ஆகவே தேய்ப்பதைத் தொட்டிக்கு வெளியே முடித்துவிட வேண்டும். தட்டைத் துண்டின்மேல் படுக்க வைத்து, காய்ந்த தூசியை முதலில் மென்தூரிகையால் தள்ளுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அதே திரவத்தைச் சில சொட்டுக் கலந்து, மெல்லிய நைலான் தூரிகையால் காடி ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. நீர் அறை வெப்பத்தில் இருக்கட்டும். வெந்நீரில் அரக்கு இளகி வளையும். ஊறவும் விடாதீர்கள்: தட்டின் அரக்குக் கலவையில் இருக்கும் பஞ்சிழையும் நிரப்பித் தூளும் விளிம்பு உடைந்த இடத்தில் நீரை இழுத்துக்கொள்ளும்.

அதன்பின் தொட்டி. கோடு வரை காய்ச்சி வடித்த நீர், பட்டைகள்மேல் மூன்று மூடித் திரவம், ஒரு பக்கம் மூன்று சுற்று, எதிர்ப்பக்கம் மூன்று சுற்று. லேபிள் நீருக்கு மேலேதான் நிற்கும். ஆனாலும் நனைந்த பகுதி உச்சிக்கு வரும்போது சொட்டு வழிந்து லேபிளில் இறங்கும். பழைய லேபிள் மை கலைவது இப்படித்தான். மெதுவாகச் சுற்றி, வழிவதை உடனுக்குடன் ஒற்றி எடுத்தால் தப்பும். தொட்டியில் அலசும் கட்டம் தனியாக இல்லை என்பது இன்னொரு குறை. வெறும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை அலசாவிட்டால் சோப்புப் படலம் காய்ந்து ஊசியில் ஒட்டும்.

அரக்குக்கென்று ஒரு ஜோடிப் பட்டைகளை ஒதுக்கிவிடுங்கள். அதில் சிக்கும் கனிமத் தூள் வினைல் தட்டைக் கீறிவிடும். ஒரே நீரில் ஐம்பது தட்டு வரை கழுவலாம் என்ற கணக்கை அரக்குக்குப் பார்க்காதீர்கள். பத்துத் தட்டுக்குள் நீர் கறுத்துவிடும், மாற்றிவிடுங்கள்.

இதில் இறக்கவே கூடாதவையும் உண்டு. மயிரிழை விரிசல் விட்ட தட்டு உருளை அழுத்தத்தில் பிளக்கும். நடுவில் காகிதம் வைத்து அடுக்கிய தட்டில் விளிம்பு வழியாக நீர் ஏறும். எடிசன் டைமண்ட் டிஸ்க் (எடிசன் நிறுவனத்தின் பழைய தடித்த தட்டு), அட்டைத் தட்டு, வீட்டில் பதிவு செய்த லாக்கர் தட்டு எதற்கும் இந்தத் தொட்டி வேண்டாம்.

கழுவியதும் நார் உதிராத இரண்டு துணிகளால் அடுத்தடுத்து ஒற்றி, நிழலில் நிமிர்த்தி நிறுத்துங்கள். அரை மணி நேரம் குறைந்தபட்சம்; ஈரக்காற்றுள்ள நாளில் இன்னும் கூடுதலாக. ஹேர் டிரையர், வெயில் இரண்டும் ஆகாது. பழைய காகித உறையில் திரும்பப் போட்டால் கழுவியதே வீண்.

காய்ந்த பிறகும் சாய்ந்த வெளிச்சத்தில் காடி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது அழுக்கல்ல, எஃகு ஊசி அரித்த தேய்மானம். எந்தக் கழுவலும் அதைத் திருப்பித் தராது. காடி கறுப்பாக மின்னியும் இரைச்சல் குறையவில்லையா, ஊசியைப் பாருங்கள். எல்.பி.க்கான 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி 78 காடியின் அடியில் உட்கார்ந்து மிச்சமிருக்கும் கசட்டைத்தான் வாசிக்கும். சுவர்களில் நிற்க 3 மில் அளவு ஊசி வேண்டும். கழுவிய தட்டை முதன்முறை ஓட்டியதும் அந்த ஊசி நுனியையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள், கிளம்பிய துகள் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.