ஸ்ப்ளின்ட் போட்டு நடக்கிறேன்: ஒரு குடியாத்தம் தையல்காரியின் அனுபவம்

ஏ.எஃப்.ஓ., அதாவது பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கக் கணுக்காலைச் சேர்த்துப் போடுகிற பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட், செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஷூவுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். நல்ல ஸ்ப்ளின்ட் பரணுக்குப் போவதற்குப் பெரும்பாலும் செருப்புதான் காரணம் என்பது என் கட்சி.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்க வைக்கிற நரம்பு அதைச் சுற்றித்தான் போகிறது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் எனக்கு அந்த இடம் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு சரியாகவில்லை. வலது பாதம் தொங்கிப்போய், நடக்கும்போது விரல்நுனி தரையில் இடறும். ஃபுட் டிராப் என்பார்கள்.

மெடிக்கலில் கிடைத்த ரெடிமேடு ஸ்ப்ளின்ட் கணுக்கால் எலும்பை உரசிக்கொண்டே இருந்தது. அளவெடுத்துச் செய்வது வேறு வேலை. காலுக்கு மாவுக்கட்டு போட்டு, காய்ந்ததும் வெட்டி எடுத்து, அதற்குள் மாவு ஊற்றி உங்கள் காலையே அச்சாக எடுக்கிறார்கள். பாலிப்ரொப்பிலீன் தகட்டைச் சூடாக்கி அந்த அச்சின்மேல் படியவைத்து, ஓரங்களை வெட்டித் தேய்த்துத் தருகிறார்கள். மாவுக்கட்டு போடும்போது பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுதான் ஸ்ப்ளின்ட்டிலும் வரும். அந்த நேரத்தில் காலை ஆட்டாதீர்கள்.

என்னுடையது பின்பக்கம் மட்டும் பட்டையாக வருகிற வகை. வெறுமனே பாதம் தொங்குகிறவர்களுக்கு இது போதும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். பக்கவாதத்தில் கால் இறுகிப்போனவர்களுக்குக் கணுக்காலை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற கெட்டியான வகை தேவைப்படலாம். அதனால் என்னுடையதைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்காதீர்கள். தையல் மெஷின் மிதிக்க இதுவும் தோதுப்படவில்லை, மோட்டார் போட்டுக்கொண்டேன்.

இனி ஷூ. அளவெடுத்த இடத்தில், எந்த ஷூ போடுவீர்கள் என்று யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். குதிகால் உயரத்தை வைத்துத்தான் கெண்டைக்கால் எவ்வளவு முன்னால் சாயும் என்பது அமைகிறது. குதி உயர்ந்த ஷூ போட்டால் முழங்கால் முன்னுக்கு மடங்கும். ஷூவுக்காகச் செய்ததை வெறும் தரையில் போட்டு நடந்தால் முழங்கால் பின்னுக்குத் தள்ளும், டைல்ஸில் வழுக்கவும் செய்யும். நம் வீட்டில் வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறோம். அடுப்படி, பூஜை அறை எல்லாம் வெறுங்கால்தான். ஷூவோடு வீட்டுக்குள் நடமாடுகிறவர்களுக்காக யோசித்த பொருள் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நான் செய்தது இது. வெளியே போடுகிற ஷூவின் குதி உயரத்துக்கே, பின்வார் வைத்த ஒரு செருப்பு வீட்டுக்கென்று தனியாகத் தைக்கச் சொன்னேன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த கைகளுக்குப் பஞ்சமில்லை. காலையும் ஸ்ப்ளின்ட்டையும் சேர்த்துக் காட்டினால் போதும், புரிந்துகொள்கிறார்கள். அது வாசலைத் தாண்டாது என்றதும் மாமியாரும் ஒத்துக்கொண்டார். கடையில் ஷூ வாங்குவதென்றால் வாய் அகலமாகத் திறக்கிற, உள்ளே இருக்கும் அட்டையை உருவ முடிகிற ஷூவாகப் பாருங்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் நல்ல காலுக்கு லொடலொடக்கும். உருவிய அட்டையை அந்தக் காலில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், தோல். இந்த நரம்பு போனால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், புண் வந்தாலும் தெரியாது. மரத்த கால் எப்படிப் புண்ணாகிறது என்பதை நம் ஊர்ப்பக்கம் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழுநோயில் கால் மரத்துப்போனவர்களுக்கான எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு, பரவியதில் வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கும் தொழுநோய் அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. தினமும் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவப்புத் தடம் அரை மணி நேரத்துக்குள் மறையவில்லையென்றால் ஸ்ப்ளின்ட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். புதிதாக வந்ததும் முழு நாளும் போடாமல், ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டுங்கள்.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லணுமா? அக்னி நட்சத்திரத்தில் பிளாஸ்டிக்குக்குள் கால் வெந்துவிடும். முழங்கால்வரை வருகிற பருத்தி சாக்ஸ்தான் ஒரே வழி, மத்தியானம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஸ்ப்ளின்ட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் வையுங்கள், மொட்டைமாடி வெயில் வேண்டாம். வெல்க்ரோ முதலில் போகும். எனக்கு நூல்பிசிறு ஒட்டியே சீக்கிரம் போகிறது. பை தைக்கிறவரிடம் கொடுத்தால் மாற்றித் தந்துவிடுவார்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காலிப்பர் (காலைத் தாங்குகிற கருவி) இலவசமாகக் கேட்கலாம். 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர்க்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும்.

இப்போது என்னுடையதில் கணுக்கால் வளைவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. பிளாஸ்டிக் அங்கேதான் மடங்கி மடங்கி வெடிக்கும். அடுத்ததுக்கு அளவு கொடுக்கப் போகும்போது இரண்டு ஜோடிச் செருப்பையும் பையில் எடுத்துப் போகிறேன், முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாவைக் கரைக்கச் சொல்வேன்.