கவச வாகனத்தின் சுற்றுச்சூழல் செலவு: பணத்தை வைத்துப் பார்ப்பதா, பொருளை வைத்துப் பார்ப்பதா?

ஒரு கவச வாகனம் தொழிற்சாலையில் உருவாகி, படையில் ஓடி, கடைசியில் உடைபடும் வரை மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் எவ்வளவு கேடு செய்கிறது? இதைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாகனத்தின் விலையை எடுத்து, அந்தத் தொழில்துறை ஒரு ரூபாய்க்குச் சராசரியாக எவ்வளவு மாசு வெளியிடுகிறதோ அதால் பெருக்குவது. இன்னொன்று, எஃகு எத்தனை டன், டீசல் எத்தனை லிட்டர், பெயிண்ட் எத்தனை கிலோ என்று பொருள் பொருளாக எண்ணுவது, ஒரு பொருளின் ஆயுள் முழுவதற்குமான சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிடும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14040 சொல்லும் கட்டமைப்பில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். காரைக்குடியில் மாணவர்களோடு சேர்ந்து, வெளியான விவரங்களை வைத்து இப்படி ஒரு கணக்குப் போட வேண்டி வந்தபோது நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே எடுப்பேன்.

பண வழியின் வசதிகள் தெரிந்தவைதான். வேலை சீக்கிரம் முடியும். ராணுவ ரகசியம் என்று கதவைச் சாத்தினாலும் பட்ஜெட் தொகை கிடைத்துவிடும். பொருள் வழியில் எங்கேயாவது ஒரு கோடு போட்டு நிறுத்தியாக வேண்டும். கோட்டுக்கு வெளியே இருப்பது விட்டுப்போகும்.

சரி, அப்புறம் ஏன் பொருள் வழி? பராமரிப்புக்காகத்தான்.

நாம் ஓட்டும் டீசல் காருக்கு ஆயுள் முழுவதும் எரிக்கும் எரிபொருள்தான் பெரிய பங்கு. டாங்கிக்கும் தாகம் உண்டு. ஆவடியில் தயாராகும் அர்ஜுனில் இருப்பது 1,400 குதிரைத்திறன் எஞ்சின். ஆனால் அமைதிக் காலத்தில் அது ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். ஆயுளையோ பல பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கொண்டே போகிறார்கள். நிற்கிற இரும்பு துருப்பிடிக்கும். பழைய பெயிண்டைச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும், போல்ட்டுக்கு முலாம் வேண்டும், கிரீஸைக் கழுவக் கரைப்பான் வேண்டும். இங்கே பெரிய வீட்டைப் பராமரிப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: கட்டிய செலவு ஒருமுறை, கூரை ஓடுகளையும் தேக்கையும் காப்பாற்றும் செலவு தலைமுறைக்கும்.

இந்தப் பராமரிப்புப் பொருள்கள் விலையில் சல்லிசு, நஞ்சில் கடுமை. ராணுவத் தளவாடங்களின் எஃகு போல்ட்டுகளுக்கு நெடுங்காலமாகக் காட்மியம் முலாம்தான். பெரும்பாலும் சயனைடு கலந்த தொட்டியில் போடுவார்கள். அதன்மேல் குரோமேட் பூச்சு. காட்மியமும் அந்தக் குரோமேட்டில் இருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியமும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்பது உறுதியான விஷயம். முலாம் பட்டறையில் நின்று பார்த்தால் தெரியும்: குரோமேட்டில் முக்கியெடுத்த போல்ட்டின் மஞ்சளில் பச்சையும் சிவப்பும் ஓடும், அடுத்த தொட்டியில் அலசும்போது தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் கணக்கில் வர வேண்டும்.

பண வழியில் அந்தப் போல்ட்டின் முலாம் சில ரூபாய். விலையுயர்ந்த இலக்குநோக்கிக் கருவிகளுக்கு நடுவே அது காணாமலே போய்விடும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. காட்மியத்தை விட்டுவிட்டுத் துத்தநாக-நிக்கல் முலாமுக்கு மாறினால் நஞ்சு குறையும். புது முலாமுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டி வந்தால் பண வழியில் பாதிப்பு ஏறியதாகத்தான் விடை வரும்! திருத்தத்துக்குத் தண்டனை கொடுக்கும் கணக்கை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடம் போய்ப் பேசுவது? பொருள் வழியில் காட்மியம் எத்தனை கிராம் குறைந்தது என்பது தனி வரியாக நிற்கும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. துருவையும் முலாமையும் பற்றிப் படிக்க வருகிறவர்கள் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார்கள்.

தீயணைப்பு பாட்டிலும் இதே கதைதான். பல டாங்கிகளில் ஹாலான் 1301 என்ற தீயணைக்கும் வாயு இருந்தது, இன்னும் சிலவற்றில் இருக்கிறது. ஓசோனைச் சிதைப்பதில் அது பழைய குளிர்பதன வாயுவான சி.எஃப்.சி-11ஐப் போல 10 மடங்கு. ஒரு கிலோ கசிந்தால் 6,000 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு அளவுக்கு வெப்பமேற்றும். ஓசோனைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகளில் 1994லும் வளரும் நாடுகளில் 2010லும் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ராணுவங்கள் பழைய கையிருப்பைச் சுத்திகரித்து ஓட்டுகின்றன. கசிவை ரூபாயில் தேடினால் கிடைக்காது.

என் அனுபவம் தரை வாகனத்தோடு சரி. ஏவுகணை, ரேடார் போன்றவற்றில் மின்னணுப் பாகங்கள் அதிகம். அங்கேயும் பண வழி இவ்வளவு ஏமாற்றும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். டாங்கியிலேயே கவசக் கலவை, சிப் போன்ற விவரம் வெளிவராத பாகங்களுக்குப் பணச் சராசரியை வைத்துத்தான் இடைவெளியை அடைத்தோம். பராமரிப்பை மட்டும் அதனிடம் விடவில்லை. இதே கணக்கைப் போடப்போகிறவர்கள் பணிமனையில் முதலில் கேட்க வேண்டியவை: ஒரு முழு ஓவர்ஹாலுக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட் ரிமூவர் போகிறது, முலாம் தொட்டியின் சேறு எங்கே போகிறது, தீயணைப்பு பாட்டிலை எத்தனை முறை நிரப்புகிறார்கள்.