ஆசிரியர் பயிற்சியில் படித்த பொருளியல் பாடநெறி: ஆறு ஆண்டுகள் கற்பித்த பிறகு எழுதும் கருத்து

வருங்கால ஆசிரியர்களுக்கென்றே நடத்தப்பட்ட பொருளியல் பாடநெறி ஒன்றை இரண்டு பருவங்கள் படித்து முடித்தேன். அதன்பின் ஆறு ஆண்டுகளாகப் பள்ளியில் பொருளியல் கற்பித்துவருகிறேன். பாடநெறியின் கடைசி நாளில் எங்களிடம் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். விரிவுரைகளுக்கு ஐந்துக்கு ஐந்தும், எங்களை எழுதவைத்த குறிப்பேட்டுப் பயிற்சிக்கு ஐந்துக்கு இரண்டும் அளித்தேன். அன்று எனக்குத் தோன்றியதைத்தான் எழுதினேன். ஆனால் சொந்தமாக ஒரு வகுப்பைக்கூட நடத்தாத நிலையில், கற்பிப்பதற்கு எது உதவும் என்று மதிப்பிடும் தகுதி எனக்கு இருந்திருக்கவில்லை. அந்தப் படிவத்தை இன்று நிரப்பச் சொன்னால் குறிப்பேட்டுக்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

விரிவுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை தெளிவாக இருந்தன. ஆனால் பட்டப்படிப்பில் ஏற்கெனவே படித்தவற்றையே இன்னும் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தன. அதனால்தான் அவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன என்று நினைக்கிறேன்.

குறிப்பேட்டுப் பயிற்சி வேறு வகையானது. ஒவ்வொரு கருத்துக்கும் இடப்பக்கத்தில் ஒரு மாணவர் சொல்லக்கூடிய தவறான விடையையும், அந்த விடை அவருக்கு ஏன் சரியென்று தோன்றுகிறது என்பதையும் எழுத வேண்டும். அதை எழுதி முடித்த பின்னரே வலப்பக்கத்தில் விளக்கத்தைத் தொடங்கலாம். சரியான வரையறையைத் தெரிந்துகொள்ள வந்த எங்களைத் தவறுகளைத் தேடவைக்கிறார்களே என்று அப்போது எங்களில் பலர் சலித்துக்கொண்டோம்.

பணவீக்கம் பற்றிய முதல் வகுப்பிலேயே அதன் பயன் எனக்குப் புரிந்தது. பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தால் விலைகள் என்னவாகும் என்று கேட்டேன். வகுப்பில் பெரும்பாலானோர் விலைகள் குறையும் என்றார்கள். இந்த விடை என் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது. 'குறைந்தது' என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர் விலையை நினைக்கிறார், விலை உயரும் வேகத்தை நினைப்பதில்லை என்ற காரணமும் அருகில் எழுதப்பட்டிருந்தது. எனவே வரையறையைத் திரும்பச் சொல்லாமல், 100 என்ற விலைக் குறியீட்டெண்ணை (பொதுவான விலை மட்டத்தைக் காட்டும் எண்) கரும்பலகையில் எழுதி, அது முதலாண்டில் 108 ஆகவும் அடுத்த ஆண்டில் 111.24 ஆகவும் உயர்வதை அவர்களையே கணக்கிடச் செய்தேன். இரண்டாவது எண்ணை எழுதி முடிப்பதற்குள்ளாகவே பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்படியானால் விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஐயா" என்றார். என்னுடைய எந்த விளக்கமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகியிருக்காது.

விலை மாறும்போது தேவை அளவு மாறுவதையும் தேவை வளைகோடே (ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு வாங்கப்படும் என்பதைக் காட்டும் கோடு) இடம்பெயர்வதையும் மாணவர்கள் ஒன்றாகக் கருதுவது, 4 சதவீதம் 6 சதவீதமானால் 2 சதவீத உயர்வு என்று சொல்வது (அது 2 சதவீதப் புள்ளிகள், உயர்வோ 50 சதவீதம்), கணிதத்தில் சார்பில்லா மாறியைக் கிடையச்சில் குறித்துப் பழகியவர்கள் விலை செங்குத்து அச்சில் இருப்பதைக் கண்டு தடுமாறுவது ஆகிய அனைத்தும் அதே குறிப்பேட்டில் உள்ளன. கடைசியாகச் சொன்ன தடுமாற்றத்தில் மாணவர்மேல் பிழையே இல்லை. பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் வழியாக நிலைபெற்ற வரைபட மரபு அது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் நிம்மதியடைகிறார்கள்.

வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் நாம் கைவிடும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு) பற்றிய வகுப்பில் எங்கள் பேராசிரியர் குறிப்பிட்ட ஒரு தகவலையும் இங்கே சொல்ல வேண்டும். 2005-இல் பொருளியல் அறிஞர்கள் ஏறத்தாழ இருநூறு பேரிடம் வாய்ப்புச் செலவைக் கணக்கிடும் ஓர் எளிய கேள்வி நான்கு விடைகளுடன் கொடுக்கப்பட்டபோது, சுமார் 22 சதவீதத்தினரே சரியான விடையைத் தேர்ந்தெடுத்தார்கள்; கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்திருந்தால்கூட 25 சதவீதத்தினர் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். எளியதென்று நாம் கருதும் கருத்தை மாணவர் பிடிக்கத் தவறும்போது பொறுமை இழக்காமல் இருப்பதற்கு இந்தத் தகவல் எனக்கு இன்றும் துணையாக இருக்கிறது.

பாடநெறியில் இரண்டாவது பெரும்பயன் வகுப்பறைச் சந்தைச் சோதனை. பொருளியல் அறிஞர் எட்வர்ட் சேம்பர்லின் தம் மாணவர்களை வைத்துச் செய்து 1948-இல் வெளியிட்டதையும், மற்றோர் அறிஞரான வெர்னன் ஸ்மித் அதை மாற்றியமைத்து 1962-இல் வெளியிட்டதையும் விளக்கிய பிறகு, எங்களையே விற்பவர்களாகவும் வாங்குபவர்களாகவும் பிரித்தார்கள். நான் என் வகுப்பில் இருபது அட்டைகளுடன் இதை நடத்துகிறேன். வாங்குபவர் பத்துப் பேருக்கு 11 முதல் 2 வரையான மதிப்புகளும் (கொடுக்கக்கூடிய உச்ச விலை), விற்பவர் பத்துப் பேருக்கு 1 முதல் 10 வரையான செலவுகளும் (ஏற்கக்கூடிய குறைந்த விலை) எழுதிய அட்டைகள் தரப்படும். ஒருவருடைய அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. விலையை அனைவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். கணக்குப்படி சமநிலை விலை (வாங்க விரும்புவோரும் விற்க விரும்புவோரும் எண்ணிக்கையில் சமமாகும் விலை) 6, பரிமாற்றங்கள் 6. முதல் சுற்றில் 4-க்கும் 9-க்கும் இடையே விலைகள் சிதறிக் கிடக்கும். மூன்றாவது சுற்றில், யாரும் யாரிடமும் எதையும் சொல்லிக்கொடுக்காமலேயே, அவை 6-ஐச் சுற்றி நெருங்கிவிடும். அதன்பின் அளிப்பு வளைகோட்டையும் (ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு விற்கப்படும் என்பதைக் காட்டும் கோடு) தேவை வளைகோட்டையும் வரையும்போது, தாங்கள் கையில் வைத்திருந்த அட்டைகள்தான் அந்தக் கோடுகள் என்று மாணவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு முழுப் பாடவேளையும் இதற்கே போய்விடும் என்பது உண்மை. இருந்தாலும் நான் அதை ஓர் ஆண்டுகூட விட்டதில்லை.

குறைகளில் முதன்மையானது, நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தை ஆராயும் பேரியல் பொருளியலுக்கு ஒதுக்கப்பட்ட நேரம். தனிநபர், நிறுவனங்களின் முடிவுகளை ஆராயும் நுண்ணியலை நிதானமாக நடத்திவிட்டு, நாட்டு வருமானம், வேலையின்மை, பணக் கொள்கை, பன்னாட்டு வாணிகம் அனைத்தையும் கடைசி மூன்று வாரங்களில் முடித்தார்கள். பன்னாட்டு வாணிகம் பற்றிப் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் தந்த எடுத்துக்காட்டில் இங்கிலாந்துக்குத் துணிக்கு 100 பேரும் மதுவுக்கு 120 பேரும், போர்ச்சுகலுக்கு 90 பேரும் 80 பேரும் தேவை என்ற அட்டவணையை எழுதிக்கொடுத்தார்கள். இரண்டையும் குறைந்த உழைப்பில் செய்யும் நாடு எதற்காக இன்னொரு நாட்டிடம் வாங்க வேண்டும் என்று மாணவர் கேட்கும் தவிர்க்க முடியாத கேள்விக்குக் குறிப்பேட்டில் ஒரு பக்கம்கூட எழுதவைக்கவில்லை. அந்த விளக்கத்தை நானாக உருவாக்கிக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. ஓர் அலகு மதுவுக்காக இங்கிலாந்து 1.2 அலகு துணியை இழக்கிறது, போர்ச்சுகல் 0.89 அலகைத்தான் இழக்கிறது என்று வாய்ப்புச் செலவாக மாற்றிக் காட்டும்போதுதான் வகுப்பு அமைதியாகிறது.

வினாத்தாள் தயாரிப்பதற்கும் ஒரே ஒரு வகுப்புத்தான் கிடைத்தது, அது போதவில்லை.

இவற்றைவிட என்னை அதிகம் வருத்தியது மற்றொன்று. கற்பிக்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், வேலையின்மையின் வகைகளை அமைப்புசார்ந்தது (பொருளாதாரத்தின் அமைப்பு மாறுவதால் வருவது), சுழற்சிசார்ந்தது (பொருளாதார மந்தத்தால் வருவது) என்று நான் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் எழுந்து, தன் அப்பா எந்த வகை என்று கேட்டான். அவனுடைய தந்தை சில வாரங்களுக்கு முன்தான் வேலையை இழந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. வகுப்பு முடிந்த பிறகு அவனுடன் தனியாகப் பேசினேன். ஆனால் வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. கூலி, கடன், வறுமை, வரி என்று நாம் நடத்தும் பாடங்களில் பெரும்பாலானவை மாணவர்களின் வீடுகளில் நடந்துகொண்டிருப்பவை. அவற்றை எப்படிப் பேசத் தொடங்குவது என்பதை இரண்டு பருவங்களில் ஒரு மணி நேரம்கூட நாங்கள் விவாதிக்கவில்லை.

இந்த ஆண்டு பழைய மாணவர்களிடம் பாடநெறி குறித்துக் கருத்துக் கேட்டிருந்தார்கள். குறிப்பேட்டை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம் என்றும், அதில் பேரியலுக்கு நுண்ணியலுக்குச் சமமான பக்கங்கள் ஒதுக்க வேண்டும் என்றும், வேலையின்மையையும் வறுமையையும் கற்பிப்பதற்குத் தனியாக இரண்டு வகுப்புகளாவது வேண்டும் என்றும் எழுதினேன். அந்த மாணவனின் கேள்வியையும், பெயர் குறிப்பிடாமல், அவன் கேட்ட சொற்களிலேயே இணைத்து அனுப்பியிருக்கிறேன்.