டிஜிட்டல் வெல்பீயிங்: பூட்டு சரி, சாவியும் பக்கத்திலேயே!

பந்தியில் சாம்பார் வருமுன் இலையைப் படம்பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கும் கைக்கு, கூகுள் 2018-இல் அறிமுகப்படுத்திய கடிவாளம்தான் டிஜிட்டல் வெல்பீயிங், போன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வசதி. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இலவசமாகவே இருக்கிறது. செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங், அதில் டாஷ்போர்டு. இன்ஸ்டாகிராமுக்கு 30 நிமிட டைமர் வைத்தால், நேரம் முடிந்ததும் செயலி மூடிக்கொள்ளும், ஐகான் சாம்பல் நிறமாகும். நள்ளிரவில் நேரக் கணக்கு புதிதாகத் தொடங்கும். (மெனுப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும்.)

பெரிய ஓட்டை, வைத்தவரே நொடியில் டைமரை நீக்கிவிடலாம் என்பது. செயலிக்கு வைத்த டைமர் பிரவுசரையும் பிடிக்காது. அதற்குத் தனியாக வைக்க வேண்டும்.

கல்யாணம், கச்சேரிக்கு இதிலேயே உள்ள ஃபோகஸ் மோடுதான் உருப்படியானது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் அவை திறக்காது, அறிவிப்பும் வராது. கேமரா வழக்கம்போல் இயங்கும்: படம் எடுக்கலாம், உடனே போட்டுவிட்டு லைக் எண்ண முடியாது. தினமும் இரவு 8 முதல் 9 வரை தானாக இயங்கவும் நேரம் குறிக்கலாம். ஆனால் ‘சற்று இடைவேளை’ பொத்தானை அழுத்தினால் எல்லாம் திறந்துகொள்ளும். 5 நிமிடத்துக்கு மேல் இடைவேளை எடுக்காதீர்கள்.

இதிலேயே தூங்கும் நேரத்துக்கென உள்ள பெட்டைம் மோடின் கறுப்பு வெள்ளைத் திரையைப் பகலிலும் போட்டுப் பாருங்கள். ரீல்ஸ் சப்பென்று ஆகிவிடும்.