பர்மா வயல்: பத்திரம் பெரிதா, உழைப்பு பெரிதா?

எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவில் பர்மாத் தேக்குத் தூண்கள் இன்னும் வழவழப்பாக நிற்கின்றன. பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், இருந்த வயல்கள்தான் இல்லை. அந்த மண் யாருடையது என்பதில் இரண்டு பக்கம் உண்டு.

பத்திரத்தின் பக்கம்: ஐராவதி டெல்டா விவசாயிக்குக் கடன் கொடுத்தது நகரத்தார் எனும் செட்டிநாட்டு வணிகர்களின் வட்டிக் கடைகள். 1930 வாக்கில் நெல் விலை விழுந்தது. கடன் நின்றுபோய் அடமான நிலம் கைக்கு வந்தது. 1938-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்பங்கு நிலம் நகரத்தாரிடம். பணம் திரும்பினால் போதும் என்றிருந்தவர்கள்தான், நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்ததும் அதே பத்திரம் அயல்நாட்டார் பத்திரமாகிவிட்டது.

உழைப்பின் பக்கம்: காட்டையும் சதுப்பையும் வெட்டி வயலாக்கியவர்கள் அந்த ஊர் விவசாயிகள். பிறகு அதே வயலில் குத்தகைக்கு உழுதார்கள். எனக்கு இந்தப் பக்கம்தான் கனமாகப் படுகிறது. 1948-இல் பர்மா கொண்டுவந்த நில தேசியமயச் சட்டமும் இந்தப் பக்கமே நின்றது.

ஆனால் அப்பத்தாவின் வலியும் பொய்யில்லை. பெட்டகத்தில் ஒரு பர்மியப் பத்திரம் வைத்திருக்கிறார். ஓரம் கரையான் அரித்தது. வீட்டில் யாருக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.