காம்பவுண்ட் வில்லுக்கு நாண் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோலாலம்பூரில் காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரமும் அவற்றில் ஓடும் கேபிளும் வைத்த வில்) வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கடையில் நாண், கேபிள், முழு சர்வீஸ் என்று என்னிடம் 620 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, நாணை மட்டும் மாற்றிவிட்டு, பழைய கேபிள்களின் மேல் மெழுகைத் தேய்த்துப் புதுசு என்று கொடுத்திருக்கிறார்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. புகார் போயிருக்கிறது, அதனால் தனி மெசேஜில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கேபிள்தானே, நாண் புதுசாகத்தானே இருக்கிறது என்று யாராவது கேட்கலாம். 1969-இல் அமெரிக்காவின் மிசூரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து இந்த வில்லின் சூட்சுமமே அந்தக் கேபிள்களிலும் அவை ஓடும் சக்கரங்களிலும்தான் இருக்கிறது. 60 பவுண்ட் இழுவை உள்ள வில், 80 சதவீதம் லெட்-ஆஃப் (இழுவையின் முடிவில் குறைகிற பாரம்) என்றால், முழுதாக இழுத்துப் பிடித்த பிறகு விரலில் நிற்பது 12 பவுண்ட்தான். நமக்கு லேசாக இருக்கிறது என்பதற்காக வில்லுக்கும் லேசாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வில்லின் வளையும் கைகளான லிம்ப் இரண்டும் அந்த நேரத்தில்தான் அதிகமாக வளைந்திருக்கும், அந்தப் பாரத்தைக் கேபிள்கள்தான் தாங்குகின்றன. அறுந்தால் கைக்கும் முகத்துக்கும் பக்கத்தில் அறுகிறது.

என் கேபிள்களில், அவற்றை ஒதுக்கிப் பிடிக்கும் ரோலர் உரசும் இடத்தில் இழைகள் பிசிறு தட்ட ஆரம்பித்திருந்தன. கேம் எனப்படும் அந்தச் சக்கரத்தின் பக்கம், இழைகளைச் சுற்றிக் காக்கும் சர்விங் நூலும் விலகி, உள்ளே இருக்கும் இழை தெரிந்தது. சரி, மொத்தமாக ஒரு செட் மாற்றிவிடலாம் என்றுதான் போனேன். காம்பவுண்டில் நாண் கழற்ற லிம்ப் இரண்டையும் அழுத்திப் பிடிக்கும் பிரெஸ் வேண்டும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. கவுண்டரில் இருந்த தம்பி நன்றாகவே பேசினான். "வெச்சிட்டுப் போங்கண்ணே, சனிக்கிழமை எடுத்துக்கலாம்."

சனிக்கிழமை போனபோதே எனக்குச் சுருக்கென்றது. வில்லைக் கையில் எடுத்தவன், "பாருங்க, எவ்ளோ ஸ்மூத்தா இருக்கு" என்று அம்பு இல்லாமலேயே முழுதாக இழுத்துக் காட்டினான். விரல் நழுவியிருந்தால் அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுவதும் லிம்பிலும் கேமிலும் இறங்கியிருக்கும். ஒரே தடவை வெற்று நாண் விட்டாலே லிம்ப் விரிசல் விடலாம், கேம் கோணலாம். வில் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்கக்கூடாது. அப்படி யாராவது இழுத்துக் காட்டினால், அந்தக் கடையைப் பற்றி வேறு விசாரணையே வேண்டாம்.

நான் கருப்புதான் கேட்டிருந்தேன். பழைய கேபிளும் கருப்பு. அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. பார்வைக்கு எல்லாம் பளபளவென்று ஒன்றுபோலத்தான் இருந்தது.

திடலில் இரண்டு சுற்று எய்ததுமே 50 மீட்டரில் அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறின. எங்களோடு எய்யும் மூத்த அக்கா ஒருவர் என்னை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். மேல் கேம், இழுவையை நிறுத்தும் ஸ்டாப்பரில் போய்த் தட்டிவிட்டது, கீழ் கேம் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும், இதைத்தான் டைமிங் என்பார்கள். நாண் புதுசு, கேபிள் பழசு என்றால் நீட்சி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்பதும், பிரெஸ்ஸில் மாட்டியவர்கள் டைமிங்கைச் சரிபார்க்கவே இல்லை என்பதும் அப்புறம்தான் புரிந்தது.

அக்கா கேபிளை விரலால் தடவினார். பிசுபிசுவென்று ஒட்டியது. சர்விங் மேலேயே மெழுகு அப்பியிருந்தது. மெழுகு பூச வேண்டியது சர்விங் இல்லாத வெற்று இழைக்கு மட்டும்தான். அதுவும் கொஞ்சமாகத் தடவி, விரல் சூடேறும்வரை தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். அவர் பையிலிருந்து ஒரு துண்டு நூல் எடுத்துக் கேபிளைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, மேலிருந்து கீழே மெல்ல இழுத்தார். அதிகப்படி மெழுகை எடுக்க எல்லாரும் செய்வதுதான். நூலோடு சாம்பல் நிறத்தில் கட்டியாக ஒரு மெழுகு வந்தது.

"தம்பி, புதுக் கேபிளுக்கு ஏது இவ்வளவு அழுக்கு?"

அடியில் அதே பிசிறு, அதே விலகிய சர்விங். கேம் டைமிங் பார்ப்பதற்காக நானே முன்பு வெள்ளி மையால் வைத்த புள்ளிகூட அப்படியே இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

துருவெடுக்கும் ஸ்பிரேயைக் கேம் சுழலும் தாங்கிகளில் (பேரிங்) அடித்திருந்தார்கள். அது தாங்கிக்குள் இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். மேல் லிம்ப் போல்ட்டும் கீழ் போல்ட்டும் சமமாக இல்லை. இவ்வளவும் சேர்ந்ததுதான் 'முழு சர்வீஸ்'.

திரும்பக் கொண்டுபோனபோது முதலில் பழி என் மேல் வந்தது. "கார் பூட்ல வெச்சிருப்பீங்கண்ணே, சூட்டுல கேபிள் இப்படித்தான் ஆகும்." அவன் சொன்ன விஷயம் பொய்யில்லை. நாணில் இருக்கும் டைனீமா சுமார் 150 டிகிரியில் உருகுகிற இழை. அவ்வளவு சூடு வேண்டாம், வெயிலில் நின்ற காரின் சூடே இழுவையில் இருக்கும் நாணை நீள வைக்கும். ஆனால் என் வில் காரில் தங்கியதே இல்லை. தவிர, சூட்டில் கேபிள் நீளும், என் வெள்ளிப் புள்ளியை வரைந்துகொள்ளாது.

புள்ளியைக் காட்டியதும் பேச்சு மாறியது.

"கேபிள் நல்லா இருந்துச்சு, அதான் மாத்தல."

"அப்ப காசு ஏன் வாங்குனீங்க?"

"அது செட் விலைண்ணே. தனியா வராது."

"சரி, செட்டுல வந்த கேபிள் எங்க?"

பதில் இல்லை. முதலாளி வெளியே போயிருக்கிறாராம். கடைசியில் 50 ரிங்கிட் வவுச்சர் தருகிறேன் என்றார்கள். அதை வைத்து இதே கடையில் மறுபடி சர்வீஸ் பண்ணிக்கொள்ள வேண்டும், அதுதானே?

நாண் மாற்றக் கொடுக்கிறவர்கள் பழைய நாணையும் இரண்டு கேபிளையும் கையில் வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். வொர்க்ஷாப்பில் பழைய பிரேக் பேடைக் கேட்டு வாங்குவதில்லையா? கொடுப்பதற்கு முன் கேபிளில் சின்னதாக ஓர் அடையாளம் வைத்துப் படம் எடுங்கள். அச்சுக்கு அச்சு நீளம் (இரண்டு கேம் அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம்), பிரேஸ் உயரம் (இழுக்காதபோது பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்), லிம்ப் போல்ட் நிற்கும் இடம் மூன்றையும் குறித்துவையுங்கள். முடிந்தால் பிரெஸ்ஸில் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நிற்க விடாத கடை என்றால் வேறு கடை பாருங்கள். புது நாண் முதலில் கொஞ்சம் நீளும், நாணில் குறிபார்க்க இருக்கும் ஓட்டையான பீப் திரும்பும். அது குற்றமில்லை, இலவசமாகச் சரிபண்ணித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

மெழுகு பூசுவது, நாணில் கட்டியிருக்கும் சின்ன வளையமான டி-லூப்பின் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது, அச்சின் இரு முனையிலும் கிளிப் இருக்கிறதா என்று பார்ப்பது, மழையில் நனைந்தால் துடைப்பது, இதற்கெல்லாம் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். லிம்ப் மேல் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது. அப்படியானால் எய்யாமல் உடனே காட்ட வேண்டும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை செய்கிறவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், 3 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பில்லில் வெறுமனே 'சர்வீஸ்' என்று எழுத விடாமல், நாண் எத்தனை, கேபிள் எத்தனை, என்ன பிராண்ட் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'கேபிள் 2' என்று அந்தத் தம்பியே கைப்பட எழுதியிருக்கிறான். அதன் நகலை மனுவோடு இணைத்திருக்கிறேன், விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.